பெடிவியர் ஏன் பொய் சொன்னான்? ஆர்தர் மன்னனின் மறைவைப் பாடும் கவிதைகளுக்குள் நுழைய ஒரு வழிகாட்டி

ஆர்தர் மன்னனின் பெயரையும் அவனுடைய வட்ட மேசையையும் அறியாத வாசகர்கள் குறைவு. ஆனால் அந்த அரசனின் கடைசி நாளைப் பாடுகிற கவிதைகளை வரிவரியாகப் படித்தவர்கள் நம்மிடையே மிகச் சிலர்தான். படிக்க விருப்பம் இருந்தும் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். கல்லில் செருகியிருந்த வாளை இளைஞன் ஒருவன் உருவிய இடத்திலிருந்து தொடங்கினால், நூற்றுக்கணக்கான வீரர்களின் பெயர்களும் முடிவில்லாத போட்டிச் சண்டைகளும் குறுக்கிட்டு, அரசனின் மறைவை எட்டுவதற்கு முன்பே களைப்பு வந்துவிடுகிறது. நானும் அப்படித் தொடங்கி, இரண்டு முறை பாதியில் புத்தகத்தை மூடி வைத்திருக்கிறேன். பிறகு ஒருநாள் கடைசி அத்தியாயங்களை மட்டும் எடுத்துப் படித்தேன். அன்று முதல், இந்த இலக்கியத்தை முடிவிலிருந்து பின்னோக்கிப் படிப்பதுதான் புதியவர்களுக்கு ஏற்ற வழி என்று உறுதியாக நம்புகிறேன்.

அந்த வழியில்தான் இந்தக் கட்டுரை செல்கிறது. நாம் நுழையப் போகும் இடம் ஒரு நீர்க்கரை. அங்கே குற்றுயிராகக் கிடக்கும் ஆர்தரும், அவனுடைய படையில் எஞ்சிய கடைசி வீரன் பெடிவியரும் மட்டுமே இருக்கிறார்கள். அரசன் தன் வாளை நீரில் எறிந்துவிட்டு வரச் சொல்கிறான். வீரன் எறியாமல் ஒளித்து வைத்துவிட்டு, எறிந்ததாகப் பொய் சொல்கிறான். விசுவாசம் என்பதைப் பற்றி இந்த மரபு சொல்லக்கூடியது அனைத்தும் அந்தப் பொய்யைச் சுற்றியே இருக்கிறது.

முதற்படி: கதையை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்

இக்கவிதைகளை இடைக்காலத்தில் கேட்டவர்களுக்கு முடிவு முன்பே தெரிந்திருந்தது. கர்ண மோட்சம் கூத்துப் பார்க்க உட்காருகிறவருக்குக் கர்ணன் சாவான் என்பது தெரியாதா என்ன? எனவே கதையின் எலும்புக்கூட்டை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஆர்தரின் தலைசிறந்த வீரனான லான்சலாட்டுக்கும் அரசி குவினவியருக்கும் இடையே காதல் இருக்கிறது. அக்ராவைன், மோர்ட்ரெட் என்னும் சகோதரர்கள் அதை அரசனிடம் வெளிப்படுத்துகிறார்கள். எரித்துக் கொல்லும் தண்டனை பெற்ற அரசியை லான்சலாட் மீட்டுச் செல்கிறான். அந்தக் கைகலப்பில், ஆயுதம் ஏந்தாமல் நின்றிருந்த காரெத், காஹெரிஸ் இருவரையும் அடையாளம் தெரியாமல் கொன்றுவிடுகிறான். அவர்களின் அண்ணன் கவைன், ஆர்தரின் சகோதரி மகன், பழிவாங்கியே தீருவேன் என்று நிற்கிறான். அரசன் லான்சலாட்டைத் துரத்திக் கடல் கடந்து பிரான்சுக்குப் போகிறான். நாட்டை மோர்ட்ரெட்டின் பொறுப்பில் விட்டுச் செல்கிறான். மோர்ட்ரெட், அரசன் இறந்துவிட்டதாகச் செய்தி பரப்பித் தானே முடிசூட்டிக்கொள்கிறான். ஆர்தர் திரும்பி வருகிறான். டோவர் கரையில் கவைன் சாகிறான். கடைசிப் போரில் அரசன் மோர்ட்ரெட்டைக் கொல்கிறான், மோர்ட்ரெட்டின் வெட்டால் தானும் சாகக் கிடக்கிறான். பெடிவியர் கடைசியில் எறியும் வாளை நீரிலிருந்து எழும் ஒரு கை பிடித்துக்கொள்கிறது, பிறகு ஒரு படகு வந்து அரசனை ஏற்றிச் செல்கிறது.

ஒரு எச்சரிக்கை: இந்தச் சட்டகம் எல்லா நூல்களுக்கும் பொருந்தாது. பழைய நூல்களில் மோர்ட்ரெட் ஆர்தரின் சகோதரி மகன் மட்டுமே. பின்னால் வந்த பிரெஞ்சு உரைநடைக் கதைகளில்தான் அவன் ஆர்தருக்கே பிறந்த மகனாகிறான். மிகப் பழைய வடிவங்களில் லான்சலாட் என்ற பாத்திரமே கிடையாது. பெயர்களின் எழுத்துக்கூட்டலும் நூலுக்கு நூல் மாறும். பெடிவியர், பெத்வெர் என்று எப்படி எழுதப்பட்டிருந்தாலும் ஒரே ஆள்தான் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் குழப்பம் பாதியாகக் குறையும்.

இரண்டாம் படி: விசுவாசம் என்ற சொல்லுக்கு இங்கே என்ன பொருள்?

நமக்குச் செஞ்சோற்றுக் கடன் என்ற சொல் இருக்கிறது. உண்ட சோற்றுக்காக உயிரைக் கொடுப்பது என்ற அந்த எண்ணம், ஐரோப்பிய வீர மரபுக்குள் நுழைய நல்ல வாசல். ஆயினும் அங்கே உறவு ஒரு சடங்கால் தொடங்குகிறது. வீரன் மண்டியிட்டு, கூப்பிய கைகளைத் தலைவனின் இரு கைகளுக்குள் வைத்து, அவனுடைய ஆளாக இருப்பேன் என்று வாய்விட்டுச் சொல்லி ஆணையிடுகிறான். தலைவனும் அவனைக் காக்கக் கடமைப்படுகிறான். எனவே விசுவாசம் என்பது மனத்தில் இருக்கும் பற்று மட்டுமாக நின்றுவிடுவதில்லை. சாட்சிகளின் முன் கொடுத்த வாக்கு அது. வாக்கைக் காப்பதும், கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் சொல்வதும் வீரனின் முதற்கடமைகள் ஆகின்றன. பொய் சொல்வது அவ்வளவு பெரிய குற்றமாக ஏன் கருதப்படுகிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

இக்கதையைப் பதினைந்தாம் நூற்றாண்டில் ஆங்கில உரைநடையில் எழுதிய மாலரியின் நூலில், வட்ட மேசையின் வீரர்கள் ஆண்டுதோறும் பெந்தெகொஸ்தே என்னும் கிறித்தவத் திருநாளில் ஓர் உறுதிமொழி எடுக்கிறார்கள். கொடுஞ்செயலும் கொலையும் செய்யாதிருப்பது, துரோகத்தை விட்டு விலகுவது, இரக்கம் கேட்பவனுக்கு இரக்கம் காட்டுவது, பெண்களுக்குத் துணைநிற்பது, நியாயமில்லாத வழக்குக்காகப் போரிடாதிருப்பது என்பவை அதில் அடங்கும். இந்த உறுதிமொழியை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். கதையின் இறுதிக்குள் ஏறக்குறைய ஒவ்வொரு விதியும் நல்லவர்களாலேயே மீறப்படுவதைக் காண்பீர்கள். அரசனுக்குச் செய்ய வேண்டியதும், இரத்த உறவுக்குச் செய்ய வேண்டியதும், காதலிக்குச் செய்ய வேண்டியதும் ஒன்றோடொன்று மோதும்போது எந்தப் பக்கம் நின்றாலும் இன்னொரு பக்கத்துக்குத் துரோகம் ஆகிவிடுகிறது.

மூன்றாம் படி: டென்னிசனின் 1842ஆம் ஆண்டுக் கவிதையை உரக்கப் படியுங்கள்

ஆங்கிலக் கவிஞர் ஆல்ஃப்ரெட் டென்னிசன் எழுதிய ‘மார்ட் டி ஆர்தர்’ (ஆர்தரின் மரணம்) முந்நூறு அடிக்கும் குறைவான கவிதை. நிதானமாகப் படித்தாலும் அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். காப்புரிமை நீங்கிய நூல் என்பதால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இதன் பிறப்பைப் பற்றி ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்: டென்னிசனின் உயிர் நண்பரும், அவருடைய தங்கைக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவருமான ஆர்தர் ஹாலம், 1833 செப்டம்பரில் வியன்னா நகரில், 22 வயதில் திடீரென இறந்தார். அதையடுத்த மாதங்களில்தான் இக்கவிதை உருவாயிற்று. கவிஞர் புலம்புவது ஆர்தர் என்ற பெயருடைய இருவருக்காகவும் என்பதை நினைவில் வைத்தால், படகு நகர்ந்து போகும் இடத்தில் குரல் ஏன் அப்படி உடைகிறது என்பது புரியும்.

இயைபு இல்லாத, ஓரடிக்குப் பத்து அசை கொண்ட யாப்பு இது. வாய்விட்டுப் படித்தால்தான் இதன் ஓசை பிடிபடும். அரசனை முதுகில் சுமந்துகொண்டு பெடிவியர் பனி உறைந்த பாறைகளின் வழியே இறங்கும் பகுதியை மட்டும் இரண்டு முறை படித்துப் பாருங்கள். கவசம் பாறையில் மோதும் அடிகள் முழுவதும் நம்முடைய வல்லினத்தைப் போன்ற கடுமையான ஒலிகளால் நிறைந்திருக்கும். பிறகு ஏரியும் நிலவொளியும் கண்ணில் படும் அந்த இரண்டு அடிகளில் லகர ஒலி ஒன்றன்பின் ஒன்றாக வந்து எல்லாம் அமைதியாகிவிடும். பொருள் புரியாவிட்டாலும் காது இதைப் புரிந்துகொள்ளும்.

இனி வாள் காட்சிக்கு வருவோம். இங்கே அவசரப்படாதீர்கள். வாளை எறி, என்ன நிகழ்கிறது என்று பார்த்துவந்து சொல் என்பதே அரசனின் கட்டளை. பெடிவியர் வாளை உருவுகிறான். குளிர்கால நிலவில் கைப்பிடியின் வைரங்களும் புஷ்பராகமும் மின்னுகின்றன. எறிய மனம் வராமல் நீர்க்கோரைகளுக்கு இடையே மறைத்து வைக்கிறான். திரும்பி வந்ததும், எதைக் கண்டாய், எதைக் கேட்டாய் என்று அரசன் கேட்கிறான். கோரைகளுக்கிடையே சிற்றலை அலம்புவதையும், பாறையில் நீர் மோதுவதையும் கேட்டேன் என்கிறான் பெடிவியர்.

இந்தப் பதிலைக் கூர்ந்து கவனியுங்கள். இதில் உண்மைக்கு மாறான சொல் ஒன்றுகூட இல்லை. அலையோசையை அவன் கேட்டிருக்கத்தான் வேண்டும். அரசன் கண்டதையும் கேட்டதையும் கேட்க, அவன் கேட்டதை மட்டும் சொல்லிக் கண்டதை விழுங்கிவிடுகிறான். இரண்டாம் முறையும் எறியாமல் திரும்பி, ஏறக்குறைய அதே பதிலைச் சொல்கிறான். பாறையை முன்னும் கோரையைப் பின்னுமாக வரிசையை மட்டும் மாற்றிவிடுகிறான். பொய்யை இரண்டாம் தடவை சொல்ல நேர்ந்த நேர்மையான மனிதனின் தடுமாற்றத்தை இதைவிட நுட்பமாகக் காட்டிய இடம் எனக்குத் தெரியாது. மூன்றாம் முறை அவன் ஓடுகிறான், வாளைக் கைப்பற்றுகிறான், எறிகிறான். எறியும்போது கண்களை மூடிக்கொள்கிறான். மணிகளைப் பார்த்தால் மீண்டும் மனம் மாறிவிடுமோ என்ற அச்சம் அவனுக்கு.

இடையில், இரண்டாம் முறை கரையில் நின்று அவன் தனக்குள் வாதிடும் பகுதிதான் இக்கவிதையின் நெஞ்சு. சொல்லைக் கேளாதிருப்பது பெருந்தீங்கு, கீழ்ப்படிதலே ஆட்சியின் பிணைப்பு என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் அரசன் தனக்கே கேடானதைக் கட்டளையிட்டால்? நோயுற்றவன் தான் செய்வது இன்னதென்று அறியாமல் பேசினால்? இந்த வாளும் போய்விட்டால் என் தலைவன் வாழ்ந்தான் என்பதற்கு வதந்திகளைத் தவிர வேறென்ன மிஞ்சும்? என்றோ ஒருநாள், அரசர்களின் கருவூலத்தில் இந்த வாளை வைத்து, ஏரியின் தனிக்கன்னி ஒன்பது ஆண்டுகள் உழைத்துச் செய்த ஆர்தரின் வாள் இது என்று ஒருவர் சொல்ல, மக்கள் அவனை நினைவுகூர மாட்டார்களா? பேராசையாலோ கண்ணுக்கு இனிய பொருளின் மயக்கத்தாலோ என்னைக் காட்டிக்கொடுத்தாய் என்று அரசன் பிற்பாடு கடிந்துகொள்கிறான். நாம் கரையில் நின்று கேட்டவர்கள். அரசனுக்குத் தெரியாதது நமக்குத் தெரியும். அரசன் மேல் கொண்ட அன்பினாலேயே அரசனின் சொல்லை மீறியவன் அவன். முதல் முறை அவனை மயக்கியது மணிகளின் ஒளிதான் என்பதையும் கவிஞர் மறைக்கவில்லை. இரண்டும் கலந்திருப்பதால்தான் அவன் மனிதனாகத் தெரிகிறான்.

நான்காம் படி: அதே காட்சியை மாலரியில் படியுங்கள்

டென்னிசன் இந்தக் காட்சியை எடுத்துக்கொண்டது சர் தாமஸ் மாலரியின் ‘ல மார்ட் டார்தர்’ என்னும் உரைநடைக் காவியத்திலிருந்து. மாலரி தம்மைச் சிறைப்பட்ட வீரன் என்று சொல்லிக்கொள்கிறார். நூலை 1469–70இல் முடித்தார். இங்கிலாந்து அரச குடும்பத்தின் இரு கிளைகள் ஒன்றையொன்று வெட்டிச் சாய்த்த ரோஜாப் போர்களின் காலம் அது. வில்லியம் காக்ஸ்டன் 1485 ஜூலை 31இல் இதை அச்சிட்டு முடித்தார். அதிலிருந்து 22ஆம் நாள் பாஸ்வொர்த் களத்தில் மூன்றாம் ரிச்சர்டு மன்னன் கொல்லப்பட்டான். மக்கள் ஆர்தரை விட்டு மோர்ட்ரெட்டின் பக்கம் சேரும் இடத்தில், கதைசொல்லி கதையை நிறுத்திவிட்டு, இங்கிலாந்து மக்களே, எதுவும் நமக்கு நெடுநாள் பிடிக்காமல் போவது நம் பெருங்குறையல்லவா என்று நேரே பேசுகிறார். இது இலக்கிய உத்தி மட்டுமன்று. கண்ணெதிரே மன்னர்கள் மாறியதைப் பார்த்தவரின் வேதனை.

முழு நூலையும் எடுக்க வேண்டாம். சாலிஸ்பரிக்கு அருகே நிகழும் இறுதிப் போரிலிருந்து தொடங்குங்கள். இருதரப்பும் சமாதானம் பேசிக்கொண்டிருக்கையில், புதரிலிருந்து வந்த பாம்பு ஒரு வீரனின் காலில் தீண்டுகிறது. அதைக் கொல்ல அவன் வாளை உருவுகிறான். வாளின் மின்னலைக் கண்ட இரு படைகளும் துரோகம் என்று எண்ணிப் பாய்கின்றன. மாலையில் ஆர்தர் ஈட்டியால் மோர்ட்ரெட்டைக் குத்த, அவன் தன் உடலை ஈட்டியின் மேலேயே முன்னே தள்ளிக்கொண்டு வந்து அரசனின் தலையில் வெட்டுகிறான். அரசனைத் தூக்க முயலும் லூக்கன், தன் வயிற்றுக் காயம் பிளந்து அங்கேயே சாகிறான். லூக்கன் பெடிவியரின் உடன்பிறந்தவன். பெடிவியர் அழ நேரமில்லை. வாளை எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறான் அரசன்.

இங்கே பெடிவியரின் உள்வாதம் மிகச் சுருக்கமானது. இந்த விலைமதிப்பற்ற வாளை எறிவதால் நன்மை எதுவும் விளையாது, தீங்கும் இழப்புமே விளையும் என்று எண்ணி ஒரு மரத்தடியில் ஒளிக்கிறான். அலைகளையும் காற்றையும் தவிர எதையும் காணவில்லை என்கிறான். இரண்டாம் பொய்யைக் கேட்ட அரசனின் கோபத்தில் ஒரு சிறிய சொல் வருகிறது: நீ இவ்வளவு நேரம் தாழ்த்துவது என் உயிருக்கே ஆபத்து, எனக்குக் குளிர் பிடித்துவிட்டது. உரோமையை வென்றதாகப் பாடப்பட்ட பேரரசன், கரையோரத் தரையில் கிடந்து குளிருகிறது என்கிறான். நான் இந்த வரியில் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். மூன்றாம் முறை பெடிவியர் வாளின் கச்சையைக் கைப்பிடியில் சுற்றிக் கட்டிவிட்டு எறிகிறான். எறியப் போகிற பொருளை ஏன் கட்ட வேண்டும் என்று மாலரி விளக்குவதில்லை. இறுதிவரை தலைவனின் பொருளை ஒழுங்காகக் கையாளப் பழகிய கை அது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு குறிப்பேட்டில் மூன்று பத்திகள் கோடிட்டு, பெடிவியர் என்ன செய்தான், என்ன சொன்னான், அரசன் என்ன சொன்னான் என்று இரு நூல்களிலிருந்தும் எழுதிக்கொள்ளுங்கள். இந்தச் சிறு உழைப்பு பத்து விமர்சன நூல்களைப் படிப்பதற்குச் சமம்.

ஐந்தாம் படி: லான்சலாட்டுக்கும் கவைனுக்கும் திரும்புங்கள்

இப்போது மாலரியில் சற்றுப் பின்னே சென்று, அரசி மீட்கப்படும் பகுதியிலிருந்து படிக்கலாம். லான்சலாட்டின் மேல் முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். லான்சலாட்டின் கோட்டையை அரசன் முற்றுகையிட்டபோது, போரில் குதிரையிலிருந்து வீழ்த்தப்பட்ட ஆர்தரை, தானே இறங்கி மீண்டும் குதிரையில் ஏற்றிவிடுபவன் அவன். தனக்கு வீரப்பட்டம் கொடுத்த அரசனின் மேல் கை வைக்க அவனால் இயலாது. கவைனின் நிலை இதற்கு மாறானது. இரத்த உறவுக்குக் காட்டிய விசுவாசத்தால் அரசனின் நாட்டையே அவன் அழிவுக்குக் கொண்டுபோகிறான். லான்சலாட் முன்பு தந்த காயம் டோவரில் மீண்டும் பிளந்து சாகும் நேரத்தில், தவறு தன்னுடையதே என்று ஒப்புக்கொண்டு, அரசனுக்கு உதவ விரைந்து வா என்று லான்சலாட்டுக்குக் கடிதம் எழுதுகிறான். கடிதம் போய்ச் சேர்ந்து லான்சலாட் வரும்போது அரசன் இல்லை.

ஆறாம் படி: இரு பழைய கவிதைகள்

இதற்குப் பிறகுதான் இடைக்கால ஆங்கிலக் கவிதைகளுக்குப் போக வேண்டும். இரண்டு உள்ளன, இரண்டுக்கும் ‘மார்ட் ஆர்தர்’ என்றே பெயர் என்பதால் மாற்றி எடுத்துவிடாதீர்கள். இரண்டுமே ஒவ்வொரு கையெழுத்துப் பிரதியில் மட்டும் தப்பிப் பிழைத்தவை. ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் இடைக்கால ஆங்கில நூல் வரிசையில் இரண்டும் ஒரே தொகுப்பாக, அருஞ்சொற்பொருளுடன் இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன.

ஒன்று, எட்டடிச் செய்யுள்களால் ஆனது, இயைபு உடையது, நாட்டுப்பாடலைப் போல வேகமாக ஓடும். மாலரி இதைத் தம் முன் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். வாள் காட்சியில் ஒரு வேறுபாட்டைத் தேடிப் பாருங்கள்: இதில் பெடிவியர் இரண்டாம் முறை வாளை ஒளித்துவிட்டு உறையை மட்டும் நீரில் எறிகிறான். ஏதேனும் அற்புதம் நிகழ்வதாக இருந்தால் உறைக்கே நிகழட்டும் என்பது அவன் கணக்கு. இதற்கும் முந்தைய, 1230ஐ ஒட்டி எழுந்த பிரெஞ்சு உரைநடையில் பெடிவியருக்குப் பதிலாகக் கிர்ஃப்லே என்பவன் வருகிறான். அவன் முதலில் தன் சொந்த வாளையே எறிந்து பார்க்கிறான். அரைகுறையாகக் கீழ்ப்படிவது எப்படி என்று தேடும் மனம் நூற்றாண்டுகள் கடந்தும் மாறவில்லை.

மற்றொன்று, 1400ஐ ஒட்டி இயற்றப்பட்ட, நான்காயிரம் அடிகளைத் தாண்டும் மோனைக் கவிதை. யார்க்ஷையரைச் சேர்ந்த ராபர்ட் தார்ன்டன் என்பவர் பதினைந்தாம் நூற்றாண்டில் தம் கைப்பட எடுத்த படி லிங்கன் பேராலயத்தில் இருக்கிறது. தமிழ் யாப்பு அறிந்தவர்களுக்கு இதன் செய்யுள் அந்நியமாகத் தோன்றாது. ஓரடியில் அழுத்தம் பெறும் நான்கு சொற்களில் முதல் மூன்றும் ஒரே ஒலியில் தொடங்குவதே அடிப்படை அமைப்பு. நம் கூழை மோனையை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கும் ஒத்துவரும் அடிகளும் நிறைய உண்டு. அவை முற்று மோனை. கண்ணால் படிக்கும்போது கரடுமுரடாகத் தோன்றும் அடிகள், மோனைச் சொற்களை அழுத்திச் சொன்னால் பறை முழக்கம் போல எழும்.

இந்தக் கவிதையில் ஏரியும் இல்லை, வாளைப் பிடிக்கும் கையும் இல்லை. பெடிவியர் முன்பே உரோமைப் போரில் இறந்துவிடுகிறான். இதைத் தெரிந்துகொள்ளாமல் வாள் காட்சியைத் தேடி ஏமாந்தவர்கள் பலர். இங்கே விசுவாசத்தின் உச்சம் கவைனின் சாவு. கவைனைக் கொன்ற மோர்ட்ரெட்டே, அவன் யார் என்று கேட்கும் பிரிசிய மன்னனிடம் கவைனின் பெருமையை எடுத்துச் சொல்லிக் கண்ணீர் விடுகிறான். பிறகு உடலைக் கண்டெடுக்கும் ஆர்தர், தாடி முழுவதும் இரத்தமாகும் வரை முத்தமிட்டு, தரையில் சிந்திய இரத்தத்தைத் தன் கைகளால் அள்ளித் தலைக்கவசத்தில் சேர்க்கிறான். பெண்ணைப் போல அழுவது அரசனுக்கு அழகல்ல என்று உடனிருப்போர் கண்டிக்கிறார்கள். நம் புறத்திணையில் கையறுநிலை புலவன் வாயிலாக எழும். இங்கே தன் வீரனுக்காக அரசனே கையற்று நிற்கிறான், விசுவாசம் மேலிருந்து கீழாகவும் பாய்கிறது. அதே அரசன் சாகும் தறுவாயில், மோர்ட்ரெட்டின் குழந்தைகளைக் கொன்று நீரில் எறியச் சொல்லிவிட்டுச் சாகிறான் என்பதையும் மறைக்காமல் படிக்க வேண்டும். இக்கவிதை அரசனைப் போற்றுகிறது. ஆனால் அவனைத் தெய்வமாக்கவில்லை.

ஏழாம் படி: அரசன் இறந்தானா என்ற கேள்வியை எப்படிக் கையாள்வது

புதியவர்கள் உடனே வரலாற்றுக்குள் போய்விடுகிறார்கள். அதற்கு அதிக நேரம் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து. வேல்ஸ் நாட்டின் பழைய ஆண்டுக் குறிப்புகளில், காம்லான் சண்டையில் ஆர்தரும் மெட்ராட்டும் (மோர்ட்ரெட்டின் பழைய பெயர் வடிவம்) வீழ்ந்தார்கள் என்று ஒரு வரி இருக்கிறது. இருவரும் எதிரெதிர்ப் பக்கமா என்றுகூட அது சொல்லவில்லை. 1130களில் லத்தீனில் எழுதிய மான்மத் ஊர் ஜெஃப்ரி, ஆர்தர் உயிர்போகும் அளவுக்குக் காயம்பட்டதாகவும், அதைக் குணப்படுத்த அவலான் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டதாகவும் ஒரே மூச்சில் சொல்லி, பின்வந்த கவிஞர்களுக்கு அந்தக் கதவைத் திறந்து வைத்தார். 1191இல் கிளாஸ்டன்பரி மடத்துத் துறவிகள் ஆர்தரின் கல்லறையைத் தோண்டி எடுத்ததாக அறிவித்தார்கள். 1184ஆம் ஆண்டுத் தீயில் எரிந்த மடத்தைக் கட்டியெழுப்பப் பணம் தேவைப்பட்ட காலம் அது. மோனைக் கவிதை அரசனைக் கிளாஸ்டன்பரியில் அடக்கம் செய்தே முடிகிறது.

மாலரி நடுவில் நிற்கிறார். அவன் மீண்டும் வருவான் என்று பலர் சொல்கிறார்கள், அப்படி நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், இவ்வுலகில் அவன் தன் வாழ்வை மாற்றிக்கொண்டான் என்றே சொல்வேன் என்கிறார். சாவு என்ற சொல்லை எடுத்துக் கீழே வைத்துவிடும் இந்த வாக்கியத்தை மொழிபெயர்க்க நான் எத்தனையோ முறை முயன்றிருக்கிறேன். ஒருமுறையும் நிறைவு ஏற்பட்டதில்லை.

எட்டாம் படி: பெடிவியரிடம் திரும்பி வாருங்கள்

டென்னிசன் தம் 1842ஆம் ஆண்டுக் கவிதையை, முன்னும் பின்னும் அடிகள் சேர்த்து, 1869இல் ‘ஆர்தரின் மறைவு’ என்ற பெயரில் மீண்டும் வெளியிட்டார். பழைய கவிதையில் ஏரியின் மேல் அழுகுரல் அடங்குவதோடு காட்சி முடியும். புதியதில் பெடிவியர் பாறை மேல் ஏறி, படகு ஒளிப்புள்ளியாகி மறைவதையும், புத்தாண்டைக் கொண்டுவரும் சூரியன் எழுவதையும் பார்க்கிறான். எனக்குப் பழைய முடிவே பிடிக்கும். ஆனால் புதிய வடிவத்தின் முதல் ஐந்து அடிகளுக்காக அதையும் படித்தே ஆக வேண்டும். இந்தக் கதையை, வீரர்களில் முதலில் பட்டம் பெற்றுக் கடைசியாக எஞ்சிய பெடிவியர், முதுமையின் வெண்பனிக் காலத்தில், ஒரு குரலாக மட்டும் மிஞ்சியிருந்தபோது, புதிய முகங்களுக்கும் வேறு மனங்களுக்கும் இடையே இருந்து சொன்னான் என்று அவை தொடங்குகின்றன.

மாலரியிலும் இதற்கு ஒப்பான ஒரு குறிப்பு உண்டு. படகு போனபின் இரவெல்லாம் காட்டில் அழுதுகொண்டே நடந்த பெடிவியர், காலையில் ஒரு துறவியின் குடிலையும் புதிதாக வெட்டிய கல்லறையையும் காண்கிறான், அங்கேயே தங்கிவிடுகிறான். இந்தக் கதையை எழுதிவைக்கச் செய்தவன் பெடிவியர்தான் என்று நூல் சொல்கிறது.

இந்த இரண்டு குறிப்புகளையும் கையில் வைத்துக்கொண்டு, வாள் காட்சியை இன்னொரு முறை முதலிலிருந்து படியுங்கள். அந்தக் கரையில் வேறு சாட்சி யாரும் இல்லை. வாளை ஒளித்ததை அரசன் தன் கண்ணால் பார்க்கவில்லை, அரசனும் போய்விட்டான். கோரைகளையும், மணிகளின் ஒளியையும், தான் இருமுறை சொன்ன பொய்யையும், அரசன் தன்னைத் துரோகி என்று அழைத்ததையும் பெடிவியர் சொல்லாதிருந்தால் அவை யாருக்கும் தெரிந்திருக்காது.